அவளைப் பட்டினி போட்டவன் நான்

என் மனைவி விரதம் இருந்தே தன் புற்றுநோய் வருத்தத்தை முற்றவிட்டாள் என்று எங்கள் ஊரான பெரியகல்லாற்றில் சொல்கிறார்கள். செத்தவீட்டிலும் அதைச் சொன்னார்கள். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுப் பந்தியிலும் சொன்னார்கள். அந்தக் கதையைக் கட்டியவன் நானல்ல. ஆனால் அது பிறந்த இடத்தில் நான் நின்றிருந்தேன், வாய் திறக்கவில்லை.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவன். எங்கள் வீட்டிலிருந்து ஒரு பக்கம் நடந்தால் கடல், மறுபக்கம் நடந்தால் வாவி. ஓய்வு பெற்றபின் வாவிக்கரைப் பக்கம் கதிரையைப் போட்டுக்கொண்டு தொலைபேசியில் அறிவியல் கட்டுரைகள் வாசிப்பது என் வழக்கமாயிற்று. அப்படித்தான் உயிர்க்கலம் தன்னைத் தானே உண்பதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

பாடசாலையில் அந்த விஷயத்தை நான் ஒரு பாடவேளைக்குள் முடித்துவிடுவேன். இப்போது வாசிக்க வாசிக்கப் பெரிதாக விரிந்தது. ஒவ்வொரு கலத்துக்குள்ளும் உறுப்புகள் பழுதாகின்றன, புரதங்கள் கசங்கித் திரள்கின்றன. கலம் அவற்றைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வைப் பின்னி, பைபோல மூடி, செரிக்கும் நொதியங்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே அவை உடைந்து மறுபடியும் கட்டுமானப் பொருளாகின்றன. இது நின்றுபோனால் குப்பை சேரும். நரம்புக் கலங்களில் சேர்ந்தால் நடுக்கமும் மறதியும் வரலாம். இந்த வேலையைத் தூண்டிவிடுவது பசி. வெளியிலிருந்து உணவு வராதபோதுதான் கலம் தன் வீட்டைத் துப்புரவு செய்து அதிலேயே பிழைக்கிறது.

இதை வாசித்த மாதங்களில்தான் அவளுடைய மார்பில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. வெட்டி எடுத்தார்கள். கக்கத்துக்கும் பரவியிருந்ததால் மூன்று கிழமைக்கு, அதாவது இருபத்தொரு நாளுக்கு, ஒருமுறை மருந்து ஏற்றவேண்டும் என்றார்கள். வைத்தியர் எங்கள் இருவரையும் இருத்திவைத்துச் சொன்னது ஒன்றுதான்: நன்றாகச் சாப்பிட வேண்டும். முட்டை, மீன், பருப்பு. நிறை குறையக் கூடாது.

இரண்டு முறை மருந்து ஏற்றி முடிந்தபோது கேதாரகௌரி விரதம் வந்தது. புருசனுக்காகப் பெண்கள் இருபத்தொரு நாள் ஒருவேளை உணவோடு இருந்து, கடைசி நாளில் கோயிலில் காப்புக் கட்டுவார்கள். கலியாணம் முடித்த வருடத்திலிருந்து அவள் அதைத் தவறவிட்டதில்லை. நானும் நக்கலைத் தவறவிட்டதில்லை. “நீ பட்டினி கிடந்தா எனக்கு எப்படி ஆயுள் கூடும்? எந்தக் குழாயால வரும்?” என்று கேட்பேன். “உங்கட குழாயப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில போய்க் கீறுங்க. இது என்ர வேல” என்பாள்.

அந்த வருடம் அவளே சொன்னாள்: “டொக்டர் சாப்பிடச் சொன்னவர்தானே. இந்த முறை விடுவம். அம்மன் கோவிக்க மாட்டா.”

“விடாத. பிடி” என்றேன் நான்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இஞ்ச பாருங்க, உங்களுக்குக் காய்ச்சலா?”

நான் கலண்டர்த் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் ஒரு கலத்தை வரைந்தேன். பழுதான உறுப்புகளைக் கறுப்பாக்கினேன். பசித்தால் இவை எப்படிச் செரிக்கப்படும் என்று விளக்கினேன். வகுப்பில் நின்றபோது இருந்த அதே சந்தோசம் எனக்கு.

“அப்ப உடம்பு தன்னத் தானே தின்னுமா?”

“பழசத் தின்னும். கெட்டதத் தின்னும்.”

“எது நல்லது, எது கெட்டது எண்டு அதுக்கு ஆரு சொல்லிக் குடுக்கிற?”

அதற்கு நான் சிரித்தேன். ஒரு நல்ல மாணவி கேட்டிருந்தால் ஓடிப்போய்ப் புத்தகத்தைப் புரட்டியிருப்பேன். கேட்டவள் பத்தாம் வகுப்போடு நின்றவள் என்பதால் சிரித்தேன்.

அவள் விரதம் பிடித்தாள். என் படத்துக்காக அல்ல. நான் ஒருவழியாக அம்மனிடம் வந்துவிட்டேன் என்று நினைத்தாள். பக்கத்து வீட்டில் மீன் விற்கும் பெண்ணிடம் வேலிக்கு மேலால் சொன்னது எனக்குக் கேட்டது: “மனிசன் திருந்திட்டார் கா. இவளவு காலத்துக்குப் பிறகு.” அந்த நினைப்பை நான் திருத்தவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

விரதத்தில் ஒருவேளை சோறு உண்டு. அதையும் நான் குறைத்தேன். இரண்டாம் கிழமை ஒரு வாழைப்பழமும் இளநீரும்தான். காப்புக் கட்டிய பின்பும் இன்னும் நாலு நாள் என்றேன். அவளுடைய கன்ன எலும்பு தெரிந்தது. சட்டைக் கையைப் பிடித்துத் தைத்தாள். “உள்ள மிச்சமிருக்கிற கட்டியும் இப்பிடித்தான் வத்தும்” என்று சொன்னேன். நம்பித்தான் சொன்னேன். அது என் குற்றத்தைக் குறைக்காது.

அந்த நாலு நாளுக்குள் மூன்றாவது மருந்தின் தவணை வந்தது; போன காலை மழை. பஸ்ஸில் அவள் வழக்கத்துக்கு மாறாக மடியை ஒரு கையால் பொத்திக்கொண்டு இருந்தாள். வயிற்றுவலி என்று நினைத்தேன்.

நகரத்து ஆஸ்பத்திரியில் கிளினிக் தாதி முன்பு என்னிடம் படித்தவள்; இப்போதும் ‘சேர்’ என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். “ஏறுங்க அம்மா” என்று நிறை பார்க்கும் தராசைக் காட்டினாள். என் மனைவி ஒரு காலை வைத்தாள். மறுகாலைத் தூக்கும்போது மடி அவிழ்ந்து, இரும்புப் படிக்கல் ஒன்று ‘டங்’ என்று நிலத்தில் விழுந்தது. பின்னால் இன்னொன்று. பக்கத்து வீட்டு மீன்தராசின் கற்கள்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒருத்தி, “என்ன மச்சாள், இறால் விக்க வந்த நீங்களா?” என்றாள். என் மனைவியும் சிரித்தாள். நிறை குறைந்தால் என்னைத்தான் ஏசுவார்கள் என்று பயந்து அவள் செய்த வேலை அது.

தாதி சிரிக்கவில்லை. கற்களை எடுத்து மேசையில் வைத்துவிட்டு மறுபடி நிறை பார்த்தாள். ஏழு கிலோ குறைந்திருந்தது.

“அம்மா, என்ன சாப்பிடுறீங்க? மெய்யச் சொல்லுங்க.”

அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “விரதம் மகள். கௌரிக் காப்பு. நான்தான் விடமாட்டன் எண்டு பிடிச்ச.”

“இந்த வருத்தத்தோடயா விரதம்? சாமி கேட்டதா உங்களிட்ட? படிச்ச மனிசன் சேர், அவர் எவளவு சொல்லியிருப்பார். அவர்ர சொல்லையாவது கேட்டிருக்கலாமே.” பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க மறிக்கல்லயா சேர்?” என்றாள்.

ஒரு சொல் போதும். ‘நான்தான்’ என்று சொல்லியிருக்கலாம். வரிசையில் என்னைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். நான் கையை விரித்துக் காட்டினேன். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை என்று அர்த்தம் வரும்படி. என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு முந்தானையைச் சரிசெய்தாள்.

இரத்தத்தில் வெள்ளையணுக்கள் குறைந்திருந்ததால் வைத்தியர் மருந்தைத் தள்ளிவைத்தார். அடுத்த முறையும் தள்ளிவைத்தார். இடையில் காய்ச்சல் வந்து வார்டில் கிடந்தாள். ஒருவழியாக மூன்றாவது மருந்தை ஏற்றியபோது அவளால் தாங்க முடியவில்லை. நாலாவது ஏற்றப்படவே இல்லை. ஈரலுக்குப் பரவிவிட்டது என்றார்கள். சித்திரை பிறக்குமுன் இறந்தாள்.

பட்டினிதான் கொன்றது என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. மருந்து நேரத்துக்கு ஏறியிருந்தாலும் நோய் பரவியிருக்கலாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அவளுக்கு இருந்த வாய்ப்பில் ஒரு பகுதியை நான் எடுத்துக்கொண்டேன்.

அவள் கேட்ட கேள்விக்குப் பதிலை ஆஸ்பத்திரி வார்டில் அவள் பக்கத்தில் இருந்துதான் வாசித்தேன். நான் வாசித்த கட்டுரைகளிலேயே, நான் தாண்டிப்போன பாதியில் அது இருந்தது. புற்று வருமுன் கலத்தின் இந்தத் துப்புரவு உடலைக் காக்கிறது. வேரூன்றிய பிறகோ, அதே வேலையைப் புற்றுக்கலமும் தனக்காகச் செய்கிறது. இரத்தம் போதியளவு எட்டாத கட்டியின் நடுவே அது தன் பழைய பாகங்களைத் தின்று உயிர்பிடிக்கிறது. மருந்தின் அடியையும் சிலவேளை அப்படித்தான் தாங்குகிறது. நல்லது கெட்டதை அதற்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. எந்தக் கலத்தில் நடக்கிறதோ அந்தக் கலத்தைப் பிழைக்க வைக்கும், அவ்வளவுதான்.

எங்கள் மகள் கிரானில் வாழ்க்கைப்பட்டவள். தாய் போன பிறகு அவள் விளக்கு வைப்பதை விட்டுவிட்டாள். போன வருடம் விரதத்துக்கு மாமியார் கூப்பிட்டபோது, “இந்த விரதம் அம்மாவத் திண்டது காணாதா?” என்று கேட்டுப் பெரிய சண்டை. மருமகன் எனக்குச் சொல்லிக் கவலைப்பட்டார். அதன்பிறகுதான் போனேன். குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.

“அம்மாவ ஏசக்குள்ள நீங்க எங்க நிண்ட?”

“பக்கத்திலதான்.”

“மறுகா, அதுக்குப் பிறகாவது, அம்மா உங்களிட்ட ஒண்டும் கேக்கல்லயா?”

“கேக்கல்ல. பஸ்ஸில வரக்குள்ள, உங்களுக்குப் பசிக்குமே எண்டாள்.”

களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி தண்ணீர் வார்த்தாள். பிறகு, “என்னட்டச் சொல்லி என்ன? ஏசினவகிட்டப் போய்ச் சொல்லுங்க” என்றாள். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். அன்று அவள் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை.

போன மாதம் போனேன். கிளினிக் வாசலில் கிடந்த நீட்டு வாங்கில் உட்கார்ந்திருந்தேன். தாதி இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். புதிதாக வந்த ஒரு பெண்ணைத் தராசில் ஏற்றி நிறை பார்த்தபடி அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: “விரதம் கிரதம் ஒண்டும் வேணாம் அம்மா. நல்லாச் சாப்பிடுங்க. இப்பிடித்தான் எனக்குப் படிப்பிச்ச சேர்ர பெண்சாதி. அந்த மனிசன் தலைகீழா நிண்டு சொல்லியும் கேக்கல்ல...”

அந்தப் பெண் ஓம் ஓம் என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எழும்பி, தாதி திரும்புமுன் வெளியே வந்துவிட்டேன்.