கதவை மூடினால் அணையும் விளக்கு

என் அக்காவுக்கு வீட்டில் நாங்கள் வைத்த பெயர் புழுக்காரி. வைத்தவர் என் கணவர். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. இத்தனை படிப்பும் புழு வளர்க்கவா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டபோது, உன் மூத்த மாப்பிள்ளையைவிட அதுக்குப் புத்தி ஜாஸ்தி என்றாள். அத்தான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், பாவம்.

மண்புழு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காற்புள்ளி அளவுதான் இருக்கும், உடம்பு கண்ணாடி. மொத்தமே முந்நூற்றிரண்டு நரம்பணுக்கள். எந்த நரம்பு எதைச் செய்யவைக்கிறது என்று பார்ப்பதுதான் அக்காவின் பிழைப்பு. பாசியிலிருந்து எடுத்த ஒரு மரபணுவைப் புழுவின் ஒரே ஒரு நரம்புக்குள் வைத்துவிடுவார்கள். நீல ஒளி பட்டால் அந்த நரம்பு விழித்துக்கொள்ளும். முன்னால் போகிற புழு சட்டென்று நின்று பின்னால் வரும். எனக்கு ஒருமுறை காட்டினாள். வெட்கக்கேடு, நான் கைதட்டிவிட்டேன். என் பிள்ளைகள் ஒருநாளும் இப்படிச் சொன்ன பேச்சைக் கேட்டதில்லை.

ஆனால் மரபணு மட்டும் போதாது. புழுவின் தீனியில் ஒரு மருந்து கலக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நரம்புக்கு ஒளி தெரியாது. அந்த மருந்துக்கோ வெளிச்சமே ஆகாது, கெட்டுப்போகும். அதனால் சிவப்பு விளக்கில்தான் வேலை.

ஆய்வுக்கூடத்தில் அக்காவுக்கு ஒரு கூட்டாளி இருந்தாள், இமைக்காரி. புழு வகைகளைப் பிரித்து வளர்ப்பது அவள் பொறுப்பு. புழுவை இடுக்கியால் தூக்கினால் செத்துவிடும். பல் குத்தும் குச்சி நுனியில் கண் இமை முடியை ஒட்டி, அதால் அலுங்காமல் தூக்குவார்கள். அவளுக்கு நீளமான இமை. கேட்டவர்களுக்கெல்லாம் பிடுங்கிக் கொடுப்பாள். அவளும் அக்காவும் நகமும் சதையும்தான்.

மருந்துத் தீனி பூசிய ஒவ்வொரு தட்டையும் இமைக்காரி அலுமினியத் தாளில் பொட்டலம் கட்டித்தான் குளிர் அலமாரியில் வைப்பாள். அக்காவுக்கு அவ்வளவு பொறுமை ஏது? எங்கள் குடும்பத்துக்கே அது கிடையாது. உள்ளே இருட்டுதானே என்று தன் தட்டுகளை அப்படியே அடுக்கிவிடுவாள். கதவைத் திறந்தால் விளக்கு எரியும், மூடினால் அணையும், வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

ஒரு கட்டத்தில் புழுக்கள் பேச்சுக் கேட்பதை நிறுத்திவிட்டன. நீல ஒளியைப் போட்டாலும் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அக்கா பைத்தியம் பிடித்த மாதிரி அலைந்தாள். மரபணு உள்ள புழுவும் இல்லாத புழுவும் பார்வைக்கு ஒன்றுதான். தட்டு மாறி இரண்டும் கலந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. மரபணு இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்திருக்கலாம், மலையைப் புரட்டுகிற வேலையில்லை. அவள் பார்க்கவில்லை. இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இமைக்காரியை வேலையில் தொடர்ந்து வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியர் முடிவெடுக்க வேண்டிய நேரம் அது. அவள் கணவருக்கு வேலை போயிருந்தது. அவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. அக்காவுக்கு இது தெரியாமல் இல்லை. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தபோது பேராசிரியர் என்ன கோளாறு என்று கேட்டார்.

"அவதான் கலந்திருப்பா சார்," என்றாள் அக்கா.

எதிரே இருந்த இமைக்காரி வாயைத் திறந்தாளாம். பிறகு ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டாளாம்.

அவளை அனுப்பிவிட்டார்கள். அக்கா உறைய வைத்திருந்த பழைய புழுக்களை எடுத்து வளர்த்து, புதிதாகச் செய்த தட்டில் விட்டு, கையோடு ஒளியைப் போட்டாள். புழு பின்னால் வந்தது. அப்புறம் என்ன, தப்பு அவளுடையதுதான் என்று எல்லோருக்கும் உறுதியாகிவிட்டது. அன்றைக்கு என் வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனாள் அக்கா.

அதற்குப் பிறகும் சில தட்டுகள் வேலை செய்யும், சில செய்யாது. புதுத்தட்டு ஒழுங்காக இருக்கும், அலமாரியில் கிடந்தது மக்கர் செய்யும். சில வருஷம் கழித்து அலமாரிக் கதவின் ரப்பர் நைந்து தொங்க ஆரம்பித்தது. ஒருநாள் விளக்கைப் போடாமல் அறைக்குள் நுழைந்த அக்காவுக்கு, மூடியிருந்த கதவின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவு அழுத்தினால் அணைக்க வேண்டிய சுவிட்ச் சிக்கிக்கொண்டு, எத்தனை காலமாக எரிந்ததோ! மருந்து தட்டிலேயே கெட்டிருக்கிறது. புழு கலக்கவே இல்லை.

பேராசிரியரிடம் அன்றே சொன்னாள். சுவிட்சை மாற்றச் சொன்னார் அவர், அவ்வளவுதான். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. இமைக்காரியைத் தேடிக் கண்டுபிடித்து, தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

அவள் ஒரு மெத்தைக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை ஒன்றில் எங்களை உட்காரவைத்தாள். அக்கா எல்லாவற்றையும் கொட்டினாள். அவள் திட்டுவாள், வாங்கிக்கட்டிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தோம். அவள் திட்டவில்லை.

"நான் கலக்கலன்னு அன்னைக்கே சொல்லியிருப்பேன்டி," என்றாள். "ஆனா சொன்னது நீ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானே நம்பிட்டேன். இதே வேலைக்கு வேற ரெண்டு இடத்துல கூப்பிட்டாங்க, நான் போகல. இந்தக் கை இன்னொருத்தர் புழுவையும் கெடுத்துடும்னு பயம்."

"உன் கைமேல ஒரு தப்பும் இல்ல," என்றாள் அக்கா.

"அதை இப்ப எங்கிட்ட சொல்லி, நான் என்னடி பண்றது?"

வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்றார். அவள் எழுந்து போய் அவருக்கு பில் போட்டாள். போட்டதைத் தாளில் மறுபடி கூட்டிப் பார்த்தாள். பிறகு கூட வேலை செய்யும் இன்னொருவரைக் கூப்பிட்டு, சரியா இருக்கான்னு பாருங்க என்று நீட்டினாள்.