வெளிநடப்பு மாமா

எங்க அக்கா புருஷன் இருபது வருஷம் சட்டசபைக்குப் போனார். போனார்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன். உள்ள இருந்ததைவிட வெளிய வந்ததுதான் ஜாஸ்தி. ஊர்ல அவருக்குப் பேரே 'வெளிநடப்பு'.

மனுஷனுக்குப் பேச வராது. மைக்கைப் பார்த்தா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். ஆனா எதிர்க்கட்சின்னா வெளிநடப்பு செஞ்சே ஆகணுமே, அதுல அவரை அடிச்சிக்க ஆள் கிடையாது. நடைபாதை ஓரத்து நாற்காலியாப் பார்த்து உட்காருவார். எழுந்து நடக்கும்போது தடுக்கிரும்னு கயிறு கட்டுற ஷூ போடமாட்டார். வேகமாப் போனா பயந்து ஓடுறான்னு எழுதுவாங்க, மெதுவாப் போனா முட்டிவலின்னு எழுதுவாங்க, அதனால நடுத்தரமா ஒரு நடை வெச்சிருந்தார். அவர் எழுந்தா கட்சியே எழுந்து அவர் முதுகைப் பார்த்துக்கிட்டு பின்னால போகும். எதுக்குப் போறோம்னு பாதிப் பேருக்குத் தெரியாது. கேன்டீன்காரர் நாற்காலிச் சத்தம் கேட்டதுமே டீக்குத் தண்ணி வெச்சிருவார்.

இதுக்கு நடுவுல எங்க அக்கா ஒருத்தி இருக்கா. ஆத்துக்கு அக்கரையில இருக்கிற பள்ளிக்கூடத்துல டீச்சர். தண்ணின்னா அவளுக்கு உயிர் போற பயம். தினமும் கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, படகு விளிம்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போவா, வருவா. பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே மாமாகிட்ட அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு, ஒரு பாலம். "அதுக்கென்ன, கட்டிட்டாப் போச்சு"ன்னார் மாமா. நகை கேட்டிருந்தாலாவது கைக்கு வந்திருக்கும்.

கடைசியில ஒரு தேர்தல்ல என்ன கூத்து நடந்துச்சோ, மாமா கட்சியே ஆட்சிக்கு வந்துருச்சு. பாலத்துக்கான மசோதாவும் சபைக்கு வந்துருச்சு. எல்லாரும் உட்கார்ந்த இடத்துலயே உட்கார்ந்து கையைத் தூக்கணும், அவ்வளவுதான். ஓட்டெடுப்பு மணி அடிச்சா கதவைச் சாத்திருவாங்க. வெளிய இருக்கிறவன் வெளியதான். உள்ள போதுமான ஆள் இல்லேன்னா மசோதா அதோட காலி.

அக்கா நேரா என் டயர் கடைக்கே வந்துட்டா. "இவர் எழுந்தா கட்சியே எழுந்துருமேடா"ன்னா. ஒரு வாரம் வீட்டுக் கூடத்துல ஒத்திகை நடந்துச்சு. கடையைச் சாத்திட்டு நான் சபாநாயகரா உட்கார்ந்து கரண்டியால மேஜையைத் தட்டுவேன். அக்கா எதிர்க்கட்சித் தலைவர். அவ திட்டத் திட்ட மாமா எழுந்திருக்காம இருக்கணும். அக்கா கிடைச்ச சந்தர்ப்பத்தை விடுவாளா? இருபது வருஷக் கணக்கையும் தீர்த்துட்டா. மாமா நாற்காலிக் கையைப் பிடிச்சுக்கிட்டு, வேர்த்து விறுவிறுத்து, உட்கார்ந்தே இருந்தார். எனக்கே பாவமாப் போச்சு.

ஓட்டெடுப்பு அன்னிக்கு நான் பார்வையாளர் மாடத்துல இருந்தேன். எதிர்க்கட்சிக்காரங்க மாமாவை வாய்க்கு வந்தபடி ஏசினாங்க. மனுஷன் அசையணுமே! ஆஹா, எங்க அக்கா பயிற்சின்னு எனக்குப் பெருமை தாங்கல. ஏசிப் பார்த்து அலுத்துப்போய் அவங்க வெளிநடப்புக்குக் கிளம்பினாங்க.

அங்கதான் வந்துச்சு வினை. அவங்க புதுசா எதிர்க்கட்சி ஆனவங்க, பழக்கம் இல்ல. ஒருத்தன் இந்தப் பக்கம் போறான், ஒருத்தன் அந்தப் பக்கம் போறான். ரெண்டு பேர் கதவுல முட்டிக்கிட்டு ஒருத்தரையொருத்தர் முறைக்கிறாங்க. ஒருத்தர் மறந்துட்ட பேனாவை எடுக்கத் திரும்பி வர்றார். மாமா முகம் அஷ்டகோணலாச்சு. பல்லைக் கடிச்சுப் பார்த்தார், கண்ணை மூடிப் பார்த்தார். பேனாக்காரர் இன்னொரு தடவை, கண்ணாடிக்காகத் திரும்பி வந்தார் பாருங்க, மாமாவால முடியல.

"வரிசையா வாங்கய்யா! என்னய்யா இது, சந்தைக்கா போறீங்க?"

எழுந்துட்டார். முன்னால போய் நின்னு, எல்லாரையும் வரிசைப்படுத்தி, அந்த நடுத்தர நடையில கதவைப் பார்த்து நடக்க ஆரம்பிச்சுட்டார். அந்த முதுகைப் பார்த்ததும் எங்க கட்சியும் மொத்தமா எழுந்துச்சு. நான் மாடத்துலேர்ந்து "மாமா! உட்காருங்க மாமா!"ன்னு கத்தினேன். காவலர் என் சட்டையைப் பிடிச்சு என்னையும் வெளிய தள்ளிட்டார். மணி அடிச்சுச்சு. உள்ள மிச்சம் இருந்தது சபாநாயகரும், மசோதாவைக் கொண்டுவந்த மந்திரியும், தூங்கிக்கிட்டிருந்த ஒரு உறுப்பினரும். பாலம் போச்சு.

மாமாவும் நானும் சாயங்காலம் கார்ல ஆத்தங்கரைக்கு வந்தோம். அக்கா படகுலேர்ந்து இறங்கினா. சேதி அவளுக்கு எப்பவோ வந்து சேர்ந்திருந்துச்சு.

"ஒரு தடவை," அக்கா நேரா மாமா முன்னால வந்து நின்னா. "ஒரே ஒரு தடவை எனக்காக உட்கார்ந்திருக்கக் கூடாதாங்க? தினமும் செத்துச் செத்துப் போயிட்டு வர்றேனே."

மாமா வாயைத் திறக்கிறதுக்குள்ள நாலஞ்சு வேன் வந்து நின்னுச்சு. ரெண்டு கட்சிக்காரங்களும் குதிச்சாங்க. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே ஆள் பின்னால வெளிநடப்பு செஞ்சது சரித்திரமாம்! "எங்கள் தலைவர்"னு இவங்களும் கத்துறாங்க, அவங்களும் கத்துறாங்க. மாமாவை அலேக்காத் தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டாங்க. "விடுங்கய்யா, இறக்குங்கய்யா"ன்னு அவர் கெஞ்சினது யார் காதுலயும் ஏறல. மேல உட்கார்ந்தபடியே மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார். ஆனந்தக் கண்ணீர்னு நெனச்சு இன்னும் உசரமாத் தூக்கினாங்க.

அவர் அழுறதை அக்கா அண்ணாந்து பார்த்துக்கிட்டே நின்னா. அப்புறம் புத்தகப்பையை என் கையில திணிச்சுட்டு, கூட்டத்தை இடிச்சுத் தள்ளிக்கிட்டு உள்ள போனா.

"இறக்கி விடுங்கடா அவரை! காலையில என்கூடப் படகுல வரணும்."