எக்ஸ்ரே வண்டியும் தங்கச்சி ஜடையும்

வரிசையில் முதலில் என் அம்மா. அடுத்து நான். எனக்குப் பின்னால் என் தங்கச்சி. தங்கச்சிக்குப் பின்னால், எங்கள் தெருவிலேயே இருந்த, அவளுக்கு நிச்சயம் பண்ணியிருந்த மாப்பிள்ளையின் அத்தை. அத்தைக்குப் பின்னால் தெருப் பெண்கள். வண்டிக்குள் எக்ஸ்ரே எடுக்கிறவரும் ஓர் ஆயாவும். வெளியே வேப்பமரத்தடியில் சுகாதார இன்ஸ்பெக்டர். ஆண்கள் காலையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அறுபதுகளில், திருப்பாதிரிப்புலியூரில், எங்கள் தெரு முனையில் நடந்தது இது.

காச நோய் இருந்தால் இருமல் வருவதற்கு முன்பே படத்தில் தெரிந்துவிடும், உடனே மருந்து கொடுத்தால் அடுத்தவருக்குத் தொற்றாது என்று இன்ஸ்பெக்டர் வீடு வீடாக வந்து சொல்லியிருந்தார். எங்கள் தெருவுக்கு அதில் பாதிதான் காதில் விழுந்தது. சும்மா படம் எடுக்கிறார்கள் என்ற பாதி. பவுடர் போட்டுக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

"சிரிக்கணுமா சார்?" என்று கேட்டாள் அம்மா.

"நெஞ்சு சிரிக்காதும்மா. மூச்சப் புடிச்சிக்கிட்டு நில்லுங்க" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

தங்கச்சியின் ஜடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை வீட்டுக்குப் பிடித்ததே அதுதான். "மொகம் கெடக்கட்டும், ஜடையப் பாரு. இடுப்பத் தாண்டுது" என்று சொன்னது இந்த அத்தைதான். ஜடையில் பாதி அவளுடையது. மீதி சவுரி. சீப்பில் உதிர்ந்த முடியைச் சேர்த்து அம்மா கட்டியது. அதில் என் முடிதான் அதிகம். அவளைப் பெண் பார்த்ததில் என்னையும் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வண்டிப் படியில் ஆயா எல்லோருக்கும் ஒரே பாட்டைப் பாடினாள். "சங்கிலியக் கழட்டு. ஜடையத் தூக்கி உச்சியில முடிஞ்சிக்கோ."

நான் முடிந்துகொண்டேன். தங்கச்சி முடிந்துகொள்ளவில்லை. தூக்கினால் சவுரி சேர்ந்த இடம் தெரியும். அத்தையோ படியிலேயே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி ஜடையை வலது தோள் வழியாக முன்னால் இழுத்து, முந்தானைக்குள் செருகி, பலகையில் நெஞ்சை வைத்து நின்றுவிட்டாள். ஆயா முதுகைப் பார்த்தாள். முதுகில் ஜடை இல்லை. சரி என்றாள். இது எனக்கே அப்புறம்தான் தெரியும்.

சில நாள் கழித்து இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். மெதுவாகப் பேசினார். மெதுவாகப் பேசியதால் பக்கத்து வீடு காதைக் கொண்டுவந்து சுவரில் வைத்தது.

"சின்னப் பொண்ணுக்கு வலது பக்கம் மேல நெழல் மாதிரி தெரியுது. நோய்தான்னு சொல்லல. வண்டியில எடுக்கறது சின்னப் படம். பெரிய படம் எடுத்துப் பாத்துடலாம்."

"அவளுக்கு இருமலே இல்லியே சார்."

"இருமலுக்கு முன்னாடி பாக்கத்தாம்மா வண்டியே."

அந்த நோய் வந்த வீட்டில் எங்கள் பக்கம் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். பெண் எங்கே எடுப்பார்கள். தங்கச்சிக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. வாயால் சொல்லவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவில்லை, காலையிலும் சாப்பிடவில்லை. அதில் தெரிந்தது.

பெரிய படம் கடலூரிலேயே எடுக்கலாம். ஆனால் நாங்கள் வீடு திரும்புவதற்குள் சேதி திரும்பிவிடும். சிதம்பரத்தில் கீழவீதிப் பக்கம் ஒரு டாக்டரிடம் மெஷின் இருந்தது. அங்கே போனால் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிக்கொள்ளலாம். அம்மா தெருவுக்கு அப்படித்தான் சொன்னாள். அத்தைக்கும் அதையே சொன்னாள்.

"நானும் வரேன் அண்ணி. நடராஜரப் பாத்து நாளாச்சு" என்றாள் அத்தை. ஸ்டேஷனுக்கு எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள்.

ரயிலில் அம்மா தங்கச்சியைப் பார்ப்பாள், அத்தையைப் பார்ப்பாள், பிறகு ஜன்னலைப் பார்ப்பாள். ஆலப்பாக்கம் தாண்டியதும் அத்தை முறுக்கை எடுத்துத் தங்கச்சியிடம் நீட்டினாள்.

"துன்னு. படம் எடுக்கப் போறவ வெறும் வயித்தோட போவக் கூடாது."

அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. "உங்களுக்கு யாரு சொன்னா அண்ணி?"

"இன்ஸ்பெக்டர் வந்துட்டுப் போறாரு, நீங்க கோயிலுக்குப் போறேன்னீங்க. தேங்கா இல்ல, பழம் இல்ல. எனக்குக் கண்ணு இல்லியா?" என்றாள் அத்தை. கொஞ்சம் பொறுத்து, "எங்கண்ணன் பையன் வாழ்க்கை. என்னா இருக்குதுன்னு நானே பாத்துடறேன்" என்றாள்.

சிதம்பரத்து எக்ஸ்ரேக்காரர் வயதானவர். வண்டிப் படத்தில் வலது பக்கம் நிழல் விழுந்ததை அம்மா அவரிடம் சொன்னாள். துணைக்கு இரண்டு பேர் உள்ளே வரலாம் என்றார். நானும் அத்தையும் போனோம்.

"ஜடையத் தூக்கி முடிம்மா."

தங்கச்சி அசையவில்லை.

"தூக்குடி" என்றாள் அத்தை.

"வேணாம் அத்த."

"என்னா வேணாம்? நான் தூக்குறேன்."

தூக்கினாள். பாதி ஜடை அவள் கையோடு வந்துவிட்டது. பூவும் வந்தது.

எக்ஸ்ரேக்காரர்தான் கேட்டார். "போன தடவ இது எங்க இருந்துது?"

தங்கச்சி வலது தோளைத் தொட்டுக் காட்டினாள்.

"எண்ணெத் தலை, கத்தையா முடி. நெழல் விழாம என்ன பண்ணும்? சரி, நில்லு. எதுக்கும் பாத்துடுவோம்."

படம் கழுவி வர நேரமானது. அத்தை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சவுரி அவள் மடியில் கிடந்தது, தூங்குகிற பிள்ளை மாதிரி. டாக்டர் வந்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"நெஞ்சு சுத்தமா இருக்கு. ஒண்ணுமில்ல."

அம்மா அழுதாள். தங்கச்சி அழவில்லை. அவள் அத்தையின் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோய் போய்விட்டது. சவுரி போகவில்லை.

கோயிலுக்கும் போனோம். சொன்ன பொய்யை உண்மையாக்க வேண்டும் அல்லவா. அத்தை சவுரியைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டே சாமி கும்பிட்டாள். திரும்பும் ரயிலில் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். முறுக்கும் வரவில்லை. கல்யாணம் நின்றது என்றுதான் நினைத்தேன்.

திருப்பாதிரிப்புலியூரில் இறங்கிய பிறகு சவுரியை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள்.

"யாரு கட்டுனது?"

"நான்தான் அண்ணி."

"என்னுது வெச்ச மறுநாளே பிரிஞ்சிபோவுது. எனக்கும் இந்த மாதிரி ஒண்ணு கட்டிக் குடுங்க. படம் சுத்தம்னு அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். முடியப் பத்தி யாரும் எக்ஸ்ரே கேக்கல."

கல்யாணம் நடந்தது. பின்னால் ஒரு நாள் தங்கச்சி மாப்பிள்ளையிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். "அப்பவே தெரியும். மேல கறுப்பு, கீழ செம்பட்ட" என்றாராம். செம்பட்டை என்னுடையது.

மறுபடியும் எக்ஸ்ரே வண்டி வந்தது. இந்த முறை தண்டோரா போட்டவர், "சவுரி வெச்சிருக்கிற பொம்பளைங்க கழட்டிட்டுப் படம் எடுக்கணும்" என்று சேர்த்துச் சொன்னார். தெருவுக்குக் கோபம். நம்ம தெருவில் எவள் சவுரி வைத்திருக்கிறாள் என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டார்கள். ஆயா படிக்குப் பக்கத்தில் ஒரு முறத்தை வைத்தாள். வரிசையில் யாரும் அசையவில்லை. இன்ஸ்பெக்டர் வேப்பமரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அத்தை முன்னால் வந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். அம்மா கட்டிக் கொடுத்ததை உருவி முறத்தில் போட்டாள்.

"நெஞ்சு முக்கியமா, கொண்ட முக்கியமா?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டுப் படி ஏறினாள்.

அப்புறம் வரிசை நகர்ந்தது. எல்லோரும் எடுத்து முடிக்கும்வரை ஒன்றுக்கொன்று மாறிப்போகாமல் முறத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னை உட்காரவைத்தார்கள். கடைசிப் பெண் படி ஏறியதும் முறத்தில் கிடந்த சவுரிகளை எண்ணினேன்.

பதினேழு.