நாற்பது பிரதிகள், ஒரு முகமூடி

செவ்வாய், காலை 10.20

ஜோசப் இருபது நிமிடம் பிந்தி வந்தார். குரோய்டனில் ட்ராம் நின்றுவிட்டதாம். அவரோடு சேர்ந்து முகமூடியைப் பார்க்க அழைக்கப்பட்டிருந்த ஐந்து பேரும் அதற்குள் வரவேற்பறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஐவரும் பப்புவா நியூகினியில் பிறந்தவர்கள், லண்டனில் வேலை செய்பவர்கள். ஒவ்வொருவருக்கும் நான் அச்சிட்ட எட்டுப் பக்க மலர் ஒன்றைக் கொடுத்திருந்தேன். அட்டையில் முகமூடியின் வண்ணப்படம். உள்ளே முகமூடியை நான்கு பக்கமும் திருப்பி எடுத்த படங்கள், அளவுகள், எங்கள் அருங்காட்சியகக் களஞ்சியத்துக்கு அது வந்த விபரம்.

நால்வர் ஆர்வமாகப் புரட்டினார்கள். ஐந்தாமவர் ஓர் ஆஸ்பத்திரித் தாதி. அட்டையைப் பார்த்ததும் மலரைக் கவிழ்த்துக் கைப்பையின் கீழே வைத்துவிட்டார். பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

ஜோசப் உள்ளே வந்தார். அறுபதை நெருங்கியவர், அளவுக்குப் பெரிய இரவல் கோட் போட்டிருந்தார். நால்வர் கையிலும் இருந்ததைப் பார்த்தார். கதவிலேயே நின்றுவிட்டார். பிறகு என்னிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார். அவர் பேசியது ஆங்கிலம், தமிழில் தருகிறேன்.

"இது எத்தனை இருக்கிறது?"

"நாற்பது," என்றேன், பெருமையோடு. "ஒவ்வொன்றிலும் கையால் இலக்கம் போட்டிருக்கிறேன்."

அவர் கதிரையில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கைகளாலும் துடைத்தார்.

ஏன் அச்சிட்டேன்

இப்போது வேலைக்குச் சேருபவர்களுக்காக இதை எழுதுவதால், நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தென்கிழக்கு லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தின் களஞ்சியத்தில் இருபத்தாறு வருடம் ஸ்டோர் டெக்னீசியனாக இருந்தேன். காட்சிக்கு வைக்காத பொருள்களைப் பெட்டியில் வைப்பது, எடுப்பது, ட்ரொலியில் நகர்த்துவது, எது எந்த றாக்கையில் இருக்கிறது என்று பதிவது என் வேலை. பசிபிக் பகுதிப் பொருள்கள் என் பொறுப்பில் இருந்தன. பழைய பூச்சிமருந்து இருக்கும் என்பதால் கிளவ்ஸ் இல்லாமல் எதையும் தொடமாட்டோம்.

ஜோசப்பின் ஊர் நியூ அயர்லாந்து. பப்புவா நியூகினியின் வடகிழக்கே நீண்டு ஒடுங்கிக் கிடக்கும் தீவு. அங்கே ஒருவர் இறந்தால் உடனே அடக்கம் செய்கிறார்கள். ஆனால் அவரை 'முடித்து' அனுப்புவது பிறகுதான். சில மாதமாகலாம், சில வருடமாகலாம். அந்தச் சடங்குக்கும் அதற்கென்று செதுக்கும் உருவங்களுக்கும் மலங்கன் என்று ஒரே பெயர். முகமூடி அணிந்தவர்கள் ஆடுவார்கள், பன்றி அடித்து விருந்து நடக்கும், இறந்தவரின் கணக்கு உயிரோடிருப்பவர்களுக்குள் தீர்க்கப்படும். பிறகு செதுக்கிய உருவத்தை எரித்துவிடுவார்கள், அல்லது மழையில் உக்க விடுவார்கள். வெள்ளைக்காரர் வந்த காலத்தில் இன்னொரு வழியும் சேர்ந்தது: விற்றுவிடுவது. ஊரைவிட்டுப் போனால் சரி. எங்கள் முகமூடி அப்படித்தான் லண்டன் வந்தது.

ஜோசப் எழுதிய மின்னஞ்சல் சுருக்கமானது. தேவாலய மாநாடு ஒன்றுக்காக லண்டன் வருகிறார். அவருடைய தாய்மாமன் இறந்துவிட்டார். அடுத்த வருடம் இறுதிச் சடங்கு. மாமன் வழியாக அவருக்கு உரிமையான உருவம் எங்களிடம் இருக்கிறது. செதுக்குவதற்கு முன் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இதை வாசித்ததும் எனக்குள் வேலை செய்தது யாழ்ப்பாணத்து மூளை. எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்கிற நினைவு மலரை அச்சிட்டுக் கொடுக்காத வீடு குறைவு. அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே வம்சாவழி, பிறந்த திகதி, இறந்த திகதி, திதி, அஞ்சலிப் பாட்டு. லண்டனில் பத்தொன்பது கல்வெட்டுகளுக்கு நான் திகதி சரிபார்த்துக் கொடுத்திருக்கிறேன். திகதியில் சந்தேகம் வந்தால் தோர்ண்டன் ஹீத்தில் என் வீட்டுக்குத்தான் போன் அடிப்பார்கள். தாய்மாமனின் இறுதிச் சடங்கு என்றதும் ஒரு மலர் போட்டுக் கொடுப்பதுதான் மரியாதை என்று பட்டது. யாரையும் கேட்கவில்லை. அவரையும் கேட்கவில்லை.

என் மேலாளர் கமலா கிள்ளானில் பிறந்த மலேசியத் தமிழ்ப் பெண். படித்து முடித்து இங்கேயே தங்கிவிட்டவர். மாதிரிப் பிரதியைக் காட்டியபோது, "நல்லா இருக்கு லா அண்ணே, கலரும் தூக்கலா வந்திருக்கு," என்றுதான் சொன்னார்.

உரிமை என்றால் என்ன

கமலாவின் அறையில் ஜோசப் விளக்கினார். குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொரு நாளும் திகதியிட்டுக் குறிப்பு எழுதும் என் கொப்பியைத் திறந்துகொண்டேன்.

மலங்கன் உருவம் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கும். மரக்கட்டை அல்ல, உருவம். எந்த வளைவுக்குப் பக்கத்தில் எந்த மீன், எந்த இடத்தில் சிவப்பு என்பதெல்லாம். சடங்கில் எல்லாரும் பார்க்கலாம், ஆனால் சில மணிநேரம்தான். அதைத் திரும்பச் செதுக்கும் உரிமையைக் கையளிப்பது தனி நிகழ்ச்சி. அதற்குச் சாட்சிகள் உண்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டும். மாமன் அவருக்கு அதைக் கையளித்தபோது அவருக்கு வயது பதினொன்று. அன்று செதுக்கிப் பிறகு எரித்த உருவத்தை அந்த ஒரு தடவை பார்த்ததுதான். இத்தனை வருடமாக மனதில் வைத்திருக்கிறார். தாடைக்குக் கீழே ஓர் இடம் மட்டும் தெளிவில்லை.

"சடங்கன்று யாராவது எழுந்து, இது என்னிடமும் இருக்கிறது என்று ஒரு தாளைக் காட்டினால், உருவத்தை நான் இறக்க வேண்டும். ஆட்டம் நிற்கும். மாமா முடியாமல் அப்படியே இருப்பார். அவருடைய நிலம் யாருக்கு என்பதும் முடிவாகாது."

"இவையள் அஞ்சு பேரும் பாத்திட்டினமே," என்று கமலாவிடம் தமிழில் முணுமுணுத்தேன். கமலா அதை அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"பார்த்தவர்கள் மறந்துவிடுவார்கள். அந்தத் தாதி என் தீவு. அவள் அதைத் திறக்கவே இல்லை. தாள் மறக்காது. தாள் விமானத்தில் ஏறும்."

கமலா என்னைப் பார்த்தார். "அண்ணே, நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கிற படத்தையெல்லாம் இன்னிக்கே பூட்டிடறேன். புத்தகம் உங்க பொறுப்பு. அவர் சனிக்கிழமை கிளம்புறார். அதுக்குள்ள நாப்பதும் வந்தாகணும்."

"வரும். ஒவ்வொண்டும் எங்கை எண்டு எழுதி வைச்சிருக்கிறன்."

"அதுல மட்டும் உங்கள அடிச்சிக்க ஆளில்ல. கொடுக்கறதுக்கு முன்னாடி அவர ஒரு வார்த்த கேட்டிருக்கலாம், அதான்."

பன்னிரண்டு மணிக்கு முகமூடியைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தோம். பார்வையாளரைப் பொருளோடு தனியே விடக்கூடாது என்பது எங்கள் விதி. ஜோசப் தனியே இருக்க விரும்பினார். கமலா என்னிடம் திரும்பினார்.

"நீங்க உள்ள இருங்க அண்ணே. கதவப் பாத்து உக்காருங்க. ஆள் இருக்கணும்னுதான் ரூல்ல இருக்கு. பாத்துக்கிட்டே இருக்கணும்னு எழுதல."

ஐம்பத்திரண்டு நிமிடம் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். முதல் அரைமணி நேரம் சத்தமே இல்லை. பிறகு தரையில் காலடி கேட்டது. ஒரு காலை ஊன்றி மறுகாலை இழுக்கும் ஒலி; நான்கு தடவை ஒரு பக்கம், நான்கு தடவை மறுபக்கம். நடுவில் நின்று மூச்சு வாங்கினார். திரும்பவும் தொடங்கினார். அந்த முகமூடியை அதற்கு முன் பதினாறு தடவை இடம் மாற்றியிருக்கிறேன். அது ஆடுவதற்கான பொருள் என்பது பதிவேட்டிலும் இருந்தது. ஆட்டத்தின் சத்தத்தைக் கேட்டது அன்றுதான்.

"தாடைக்குக் கீழே பார்த்துவிட்டேன்," என்றார் பின்னாலிருந்து. "மூடலாம்."

பிரதி 14

ஐவரிடமிருந்தும் மலர்கள் அன்றே திரும்பிவிட்டன. ஜோசப்புக்கென்று எடுத்துவைத்தது ஒன்று, வரவேற்பறைப் பெட்டியில் இருபத்தைந்து, முகமூடியின் விபரங்கள் இருக்கும் ஒப்ஜெக்ட் பைலில் ஒன்று. புதன்கிழமை ஊழியர்கள் ஆறு பேரிடமும் வாங்கினேன். மிச்சம் இரண்டு. ஒன்று இல்ஃபோர்ட்டில் என் சகலன் மகேந்திரனிடம் இருந்த பதினான்காம் இலக்கம். மற்றது முதலாம் இலக்கம், என் வீட்டில்.

மகேந்திரன் அண்ணை ஓய்வுபெற்ற கணக்காளர். லண்டனில் வெளிவந்த கல்வெட்டு, மலர், மணிவிழா மலர் எல்லாவற்றையும் சப்பாத்துப் பெட்டிகளில் வருடவாரியாகச் சேர்த்து வைத்திருப்பவர். நான் செய்யும் எதிலும் ஒரு பிரதி அவருக்குப் போகும். வியாழன் மாலை எலிசபெத் லைன் ரயிலில் போய் இறங்கினேன்.

"என்ன ஐசே, தந்ததைத் திருப்பிக் கேக்க வந்தனீரோ? உமக்கு வெக்கமில்லையோ?"

"வெக்கம்தான் அண்ணை. தாங்கோ."

"இஞ்சை பாரும். பெட்டியிலை போட்டு லேபிளும் ஒட்டியாச்சு. நான் செத்தாப்பிறகு எல்லாம் யாழ்ப்பாணத்து நூலகம் ஒண்டுக்குப் போகுது. இந்த மனுசன்ரை மாமாவின்ரை நினைவு அங்கை இருந்தால் அவைக்குப் பெருமை தானே?"

"அவைக்கு அது பெருமை இல்லை அண்ணை. அவை செதுக்கி, ஆடி, பிறகு எரிச்சுப்போடுவினம்."

"எரிச்சுப்போட்டு என்னெண்டு ஞாபகம் வைக்கிறது?"

"மனசிலை. பதினொரு வயசிலை பாத்ததை இவ்வளவு காலமும் வைச்சிருக்கிறார்."

அண்ணை சிரித்தார். "உமக்கு நேற்று என்ன சாப்பிட்டதெண்டே ஞாபகமில்லை. கொப்பியைப் பாத்துத்தான் சொல்லுவீர்."

"ஓம். அதுதான் பிழை விட்டனான்."

அண்ணையின் மனைவியான அக்கா கோப்பி கொண்டுவந்து வைத்தார். "அந்தாளின்ரை செத்தவீட்டை நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து குழப்பப்போறியளோ? குடுத்துவிடுங்கோ," என்றார். அண்ணை பெட்டியிலிருந்து மலரை உருவினார். லேபிளில் பதினான்கைக் கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் அன்றைய திகதியையும் 'மீளப்பெறப்பட்டது' என்பதையும் எழுதினார். அந்த விடயத்தில் நாங்கள் இருவரும் ஒரே சாதி.

வெள்ளி

மலர்களை எரிக்க ஜோசப் விரும்பினார். எங்கள் கட்டடத்தில் தீக்குச்சி உரசினாலே அலாரம் அடித்து முழுக் களஞ்சியமும் வெளியே நிற்கும். ஆகவே தாள் அரைக்கும் மெஷினைக் காட்டினேன். தானே செய்வதாகச் சொன்னார். ஒவ்வொன்றாக எடுத்தார், அட்டை மூலையில் நான் எழுதிய இலக்கத்தைப் பார்த்தார், உள்ளே விட்டார். அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது.

நான் ஏற்கெனவே ஒரு முடிவு எடுத்திருந்தேன். முதலாம் இலக்கத்தைக் கொடுக்கப்போவதில்லை. நான் செய்த எல்லாவற்றிலும் முதல் பிரதி என் அலுமாரியில் இருக்கிறது. ஒருவருக்கும் காட்டமாட்டேன், கொப்பிகளுக்கு நடுவே கிடக்கட்டும், அதனால் யாருக்கு என்ன நட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"எல்லாம் வந்துருச்சா அண்ணே?" என்று கமலா கேட்டார்.

"ஒண்டு அச்சிலையே பழுதாப் போச்சு. அதை அப்பவே எறிஞ்சிட்டன். மிச்சம் முப்பத்தொன்பதும் வந்திட்டுது."

கமலா அதை ஆங்கிலத்தில் சொன்னார். ஜோசப் தலையசைத்தார். இருபத்தாறு வருட வேலையில் பொய்யான விபரத்தை நான் வாயால் சொன்னது அன்று ஒருநாள்தான். அன்றைய கொப்பியில் அதை எழுதப் போனேன். 'முப்பத்தொன்பது அழிக்கப்பட்டது' என்று எழுதினேன். அடுத்த வரியில் 'ஒன்று பழுது' என்று எழுதக் கை வரவில்லை. கொப்பியில் நான் பொய் எழுதியதில்லை.

சனி

காலை எட்டரைக்கு முதலாம் இலக்கத்தை உறையில் போட்டுக்கொண்டு தோர்ண்டன் ஹீத்திலிருந்து பஸ் எடுத்தேன். ஜோசப் தங்கியிருந்தது குரோய்டனில், தேவாலயத்துக்குச் சொந்தமான ஒரு விடுதியில். பெட்டி கட்டி முடித்து வாசலில் நின்றார். உறையை நீட்டினேன்.

"இது பழுதாகவில்லை," என்றேன்.

அவர் உறையைப் பிரிக்கவில்லை. "தெரியும். உங்கள் இலக்கங்கள் இரண்டில் தொடங்கின. ஒன்று பழுதாகியிருந்தால், அடுத்ததற்குத்தான் ஒன்று என்று போட்டிருப்பீர்கள். நீங்கள் அப்படிப்பட்டவர்."

"ஏன் நேற்றே கேட்கவில்லை?"

"கேட்டிருந்தால் தந்திருப்பீர்கள். அப்போது என்னிடம் இருப்பது நான் பிடுங்கிய தாள். ஊரில் எழுந்து நின்று, வைத்திருந்தவர் தானாகவே கொடுத்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் காத்திருந்தேன். நீங்கள் வர நேரம் இருக்கட்டும் என்று டாக்சியைப் பத்தரைக்கு வரச் சொன்னேன்."

விடுதியின் பின்முற்றத்தில் இறைச்சி சுடும் பழைய இரும்புத் தட்டு இருந்தது. அங்கே வைத்து எரித்தார். வண்ண அட்டை பச்சையாக எரிந்தது. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருடம் கமலாவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. சடங்கு நடந்தது, யாரும் எழுந்து நிற்கவில்லை, மாமா முடிந்துவிட்டார் என்று மூன்று வரி. படம் இணைக்கப்படவில்லை.

இந்த வேலையில் உள்ளவர்களுக்கு நான் சொல்லக்கூடியது சிறிது. எங்கள் பார்வையாளர் படிவத்தில் 'படங்கள் தேவையா?' என்று ஒரு கேள்வி இருந்தது. அதற்கு மேலே, 'இதை யார் யார் பார்க்கலாம்?' என்று இன்னொன்றைச் சேர்த்தோம். ஒருவருக்கு மரியாதை செய்ய நினைத்தால், அவருடைய ஊரில் எது மரியாதை என்று முதலில் அவரையே கேளுங்கள். கேட்க மறந்து பிழை விட்டால், திருப்பிக் கொடுக்கும்போது முழுவதையும் கொடுங்கள். அந்த முகமூடியின் தாடைக்குக் கீழே என்ன இருந்தது என்று என்னைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரியும். கொப்பியில் அதை எழுதவில்லை.