சவர்க் கிணற்றுத் தண்ணீரில் பத்து ஓம்

பிள்ளைகளே, வோல்ட்டை அம்பியரால் வகுத்தால் தடை, பெருக்கினால் வாட் என்று உங்கள் புத்தகத்தில் இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். அந்த இரண்டு வரியை வைத்து நான் ஒருவனைப் பழிவாங்கியிருக்கிறேன். அதை நீங்கள் என் வாயாலேயே அறிய வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் மோட்டார் திருத்தும் கடையொன்றில் வேலை செய்தேன். தலைமை மெக்கானிக் அளவுக்கு மீறிச் சுமை கொடுத்து ஒரு மோட்டாரை எரித்துவிட்டு, பழியை என்மேல் போட்டான். அந்தச் சுமையின் கணக்கை எழுதி முதலாளியிடம் காட்டப் போனேன்.

"எட்டாம் வகுப்போடை நிண்டவர் எங்களுக்குக் கணக்குப் படிப்பிக்கிறார்! போடா, போய் மீன் பிடி" என்றான் மெக்கானிக். எல்லோரும் சிரித்தார்கள். அன்றே வேலை போயிற்று.

ஊருக்கு, மயிலிட்டிக்கு வந்தேன். பல வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டியார் ஒருவர் தன் ஐஸ் அறையைப் பார்க்க என்னை வைத்தார். மூன்று வருடம் கழித்து இரண்டாயிரம் வாட் ஜெனரேட்டர் ஒன்றைப் பழையதாக வாங்கினார். சோதிக்க வந்தவன் அதே மெக்கானிக். சோதனை சரிவந்தால் ஐஸ் அறையையும் அவனிடமே விடுவதாகச் சம்மாட்டியார் சொல்லியிருந்தார். அப்படியென்றால் எனக்கு மறுபடியும் வேலையில்லை.

சோதனை இதுதான். பீப்பாத் தண்ணீரில் இரண்டு இரும்புத் தகடுகளைத் தொங்கவிட்டு மின்சாரம் கொடுப்பது. தகடு ஆழப் போனால் தடை குறையும், சுமை கூடும். அவன் மானிப்பாய்ப் பக்கத்தான். அங்கே கிணறு நல்ல தண்ணீர். உப்புப் போட்டால்தான் மின்சாரம் போதிய அளவு ஓடும். எங்கள் கரைக் கிணறோ பிறவியிலேயே சவர், உப்புக் கரிக்கும்.

"டேய், நீ இஞ்சையோ? மீன் ஒண்டும் படேல்லையோ? அந்தக் கிணத்திலை அள்ளி நிரப்பு. ரெண்டு கை உப்பும் போடு."

கிணறு சவர் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "ஓம் அண்ணை" என்று மட்டும் சொன்னேன். கை நிறைய அள்ளித்தான் போட்டேன்.

தகடுகளை ஒரேயடியாக இறக்கினான். எஞ்சின் முக்கியது. இருநூற்று முப்பதில் நின்ற வோல்ட் இருநூறுக்கு விழுந்தது, அம்பியர் இருபது. வகுத்தேன், பத்து ஓம். பெருக்கினேன், நாலாயிரம் வாட். மெசினின் பலத்தில் இரண்டு மடங்கு! தண்ணீர் கொதித்துப் பொங்கியது. பியூஸ் வெடித்தது.

"எந்தத் தண்ணியடா அள்ளினனி?"

"நீங்கள் காட்டின கிணறுதான் அண்ணை. நாக்கிலை வைச்சுப் பாத்திருக்கலாமே?"

பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"இவர் நிக்கட்டும். நீ செய் தம்பி, பாப்பம்" என்றார் சம்மாட்டியார்.

பியூஸ் மாற்றினேன். அதே கிணற்றுத் தண்ணீர், உப்பில்லாமல். தகட்டை விரல் விரலாக இறக்கினேன். இருநூற்று முப்பது வோல்ட், எட்டு அம்பியர். எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: "தடை இருபத்தொன்பது ஓம் மட்டிலை. ஆயிரத்தெண்ணூற்று நாப்பது வாட். மெசின் நல்ல மெசின்."

"அப்ப ஐஸ் அறை உன்னோடைதான்" என்றார் சம்மாட்டியார்.

நான் அவன் பக்கம் திரும்பினேன். "போய் மீன் பிடியுங்கோ அண்ணை."

அவன் பஸ்ஸுக்கு நடந்தான். மெசின் எரிந்திருந்தால் நட்டம் சம்மாட்டியாருக்கு. அது தெரிந்துதான் வாய் திறக்காமல் நின்றேன். வெட்கப்பட வேண்டிய விஷயம். இன்றுவரை வெட்கம் வரவில்லை.

அவன் அவசரத்தில் தன் தகடுகளை விட்டுவிட்டுப் போயிருந்தான். ஆட்கள் கலைந்தபின் இரண்டையும் தூக்கிக்கொண்டு இடுப்பளவு கடலில் இறங்கினேன். அவன் திரும்பி வந்து தேடினாலும் கிடைக்காதபடி, ஒன்றன்பின் ஒன்றாக, கை போன தூரத்துக்கு எறிந்தேன்.