ரைட்டு வீட்டம்மா போன பஸ்

ரைட்டு என்றால் டிப்போவில் தெரியாத ஆள் கிடையாது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டைக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்" என்று அவர் குரல் கொடுத்தால் டிரைவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வண்டியை எடுப்பார்கள். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். டிரைவர் கண்ணை மூடினால் ஊர் என்னத்துக்கு ஆகும்?

கண்டக்டர் வேலையில் அவருக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. ஓய்வு பெறும் நாளில் மாலையும் கழுத்துமாக மைக்கைப் பிடித்து அவர் பேசியதும் அதைத்தான். "என் சர்வீஸ்ல ஒரு பேசஞ்சரைக்கூட நடுரோட்டுல விட்டுட்டுப் போனதில்ல." கூட்டம் கைதட்டியது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, பக்கத்திலிருந்த மகளின் காதில், "பேசஞ்சர்னு சரியாத்தான் சொல்றாரு" என்றார். மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த அம்மா சொன்னதில் தப்பொன்றும் இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து, விடிவதற்குள் தெருமுனைக்கு வரும் ஸ்டாஃப் பஸ்ஸில் இவர் தொற்றிக்கொள்வார். மனைவி வாசலில் நின்று, பஸ் திரும்பும்வரை பார்த்துவிட்டு, உள்ளே வந்து தையல் மிஷினில் உட்காருவார். இரவு சாப்பிட்டுக்கொண்டே அன்றைய பஸ் கதையை முழுக்க இவர் ஒப்பிப்பார். யார் குடையை விட்டார்கள், யார் தூங்கிப்போய் டெர்மினஸ் வரை வந்தார்கள் என்று ஒன்று விடாமல். மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். சுவரோடு பேசுகிறோம் என்றுதான் ரைட்டுவுக்குத் தோன்றும். ஆனாலும் பேசாமல் இருக்க முடியாது, வாய் அப்படிப்பட்ட வாய்.

இப்படி இருந்த இருவரையும்தான் மகளும் மருமகனும் சேர்ந்து, "ஒரு தடவையாவது ரெண்டு பேரும் ஒண்ணா எங்கேயாவது போய்ட்டு வாங்க" என்று வெளிநாட்டுக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள்.

முதல் நாள் காலை. ஓட்டல் அறையோ தீப்பெட்டி. குளியலறைக் கதவைத் திறக்கவேண்டுமானால் பெட்டியைத் தூக்கிக் கட்டில்மேல் வைக்கவேண்டும். படுக்கவேண்டுமானால் அதை இறக்கிக் கதவோரம் வைக்கவேண்டும். "பெட்டிக்கும் சேர்த்து ஒரு ரூம் போட்டிருக்கலாம்" என்றார் மனைவி. ஆனால் ஜன்னலைத் திறந்ததும் எதிர்க்கட்டிடத்துப் பூந்தொட்டிகளும், கீழே கடையைத் திறந்து தண்ணீர் தெளித்துக் கூட்டுகிற ஆளும் கண்ணில் பட, அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஊர் எதுவானால் என்ன, காலையில் கடை திறக்கிறவன் கூட்டித்தான் ஆகவேண்டும்.

கிளம்பும் அவசரத்தில் மனைவியின் செல்போன் சார்ஜரிலேயே தங்கிவிட்டது. ஓட்டல் விலாசம் போட்ட அட்டை, பஸ் பாஸ், தன் போன் எல்லாம் ரைட்டுவின் சட்டைப் பையில். தண்ணீர் பாட்டில், பிஸ்கட், அவருடைய படிக்கிற கண்ணாடி மனைவியின் கைப்பையில். பங்கு பிரித்துக்கொண்ட லட்சணம் இது. மத்தியானத்துக்கு மேல்தான் இதன் அருமை தெரியப்போகிறது.

பஸ்ஸில் ஏறியதும் ரைட்டுவுக்கு முதல் அடி விழுந்தது. கண்டக்டரே இல்லை. ஒரு கம்பத்தில் மாட்டியிருந்த பெட்டியில் அட்டையைக் காட்டினால் கீச்சென்றது, அவ்வளவுதான்.

"விசில் யாரு அடிப்பா?" என்றார்.

"யாரும் அடிக்கல. அதுபாட்டுக்குப் போகுது பாருங்க."

"அதான் பயமா இருக்கு."

மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்து இடம் பிடித்தார். "வந்து உக்காருங்களேன்." "இந்தா வந்துட்டேன்" என்றார் ரைட்டு. வந்தால்தானே? பின்கதவுக் கம்பியில் முதுகைச் சாய்த்து, ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் எண்ணிக்கொண்டு நின்றார். யாராவது இறங்கினால், "பாத்து, பாத்து" என்றார். அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன புரிந்ததோ, பார்த்துத்தான் இறங்கினார்கள்.

அன்று முழுக்க இதே கதைதான். அருங்காட்சியகத்தில் படியேறி ஏறி மூச்சு வாங்கியது. மூக்கு உடைந்த சிலைகளை வரிசையாகப் பார்த்தார்கள். "எல்லாத்துக்கும் மூக்கு மட்டும் எப்படிங்க போகுது?" என்று மனைவி கேட்க, "கூட்டத்துல ஃபுட்போர்டு அடிச்சிருக்கும்" என்றார் இவர். காவல்காரர் உதட்டில் விரல் வைக்கும்வரை இருவரும் சிரித்தார்கள். ஆற்றுப் பாலத்தில் காற்று அள்ளிக்கொண்டு போனது. சதுக்கத்தில் வழி தவறி, ஒரே மணிக்கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மூன்றாம் முறை அதே மணிக்கூண்டைப் பார்த்ததும் மனைவி அதற்கு ஒரு கும்பிடு போட்டார். பயணத்துக்கென்று மகள் வாங்கிக் கொடுத்த புது ஷூ வேறு அவர் காலைக் கடித்துக் குதறியது. ஆனால் வேண்டாம், போதும் என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. ஒவ்வொரு பஸ்ஸிலும் பக்கத்து இருக்கையில் பையை வைப்பார். ஒவ்வொரு பஸ்ஸிலும், "இந்தா வந்துட்டேன்." இறங்கும்போது அந்தப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்வார்.

சாயங்காலம், குன்றின்மேல் நின்று நகரத்தைப் பார்க்கிற இடம் ஒன்றுதான் பாக்கி. ஏறிய பஸ்ஸின் கடைசி நிறுத்தம் அது. மனைவி வழக்கம்போல் ஜன்னலோரம் உட்கார்ந்து, ரைட்டுவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாமல் ஒரு ஷூவைக் கழற்றிவிட்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பாதி வழியில் ஒரு நிறுத்தத்தில் இளம்பெண் ஒருத்தி குழந்தை வண்டியோடும் இரண்டு பைகளோடும் இறங்கத் தடுமாறினாள். ரைட்டு சும்மா இருப்பாரா? குழந்தை வண்டியின் முன்பக்கத்தைப் பிடித்து, பின்னோக்கி நடந்தே கீழே இறங்கினார். வண்டியை நடைபாதையில் பதமாக வைத்தார். குழந்தை சிரித்தது, தாய் தலையாட்டினாள். திரும்பி, படியில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். அதற்குமேல் நடந்ததில் அவர் மூளைக்குச் சம்பந்தம் இல்லை. கை தானாகப் போய்ப் பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டியது. வாய் தானாக, "போலாம் ரைட்" என்றது.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தான். உலகத்தில் எந்த டிரைவருக்கும் புரிகிற தட்டு அது. கதவு மூடியது, பஸ் நகர்ந்தது.

நம்ம ஊர்ப் பஸ்ஸாக இருந்தால் நகர்ந்த பஸ்ஸில் எட்டிக் கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொள்வார், அதுதான் வழக்கம். ரைட்டு ஓடினார், கையும் நீட்டினார். பிடிக்கக் கம்பியும் இல்லை, மிதிக்கப் படியும் இல்லை. வழவழவென்று ஒரு சுவர் அவரைத் தாண்டிப் போனது. அந்தச் சுவரின் ஜன்னலில் மனைவியின் முகம் தெரிந்தது. பஸ் வளைவில் திரும்பியது.

கை சட்டைப் பையைத் தடவியதும்தான் அவருக்கு உறைத்தது. அவளிடம் போன் இல்லை. ஓட்டல் அட்டை இல்லை. ஓட்டலின் பெயர்கூட வாயில் நுழையாது. அந்த ஊர்ப் பாஷையில் ஒரு சொல் தெரியாது. காலில் ஒரு ஷூதான் இருக்கிறது. இதற்கா கூட்டிக்கொண்டு வந்தோம்? பேசஞ்சர் ஒருத்தரையும் விட்டதில்லையாம், பெரிய பீத்தல். கட்டின பெண்டாட்டியைத் தட்டி அனுப்பிவைத்துவிட்டு நடுரோட்டில் நிற்கிறான் பார், என்று தன்னையே திட்டிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் அவள் இறங்கி இந்தப் பக்கம் நடந்து வருவாளோ? நாம் ஓடினால் வழியில் சந்திக்கலாம். வேறு தெருவில் திரும்பிவிட்டால்? நாம் இங்கேயே நின்று, அவள் அங்கேயே நின்றால்? ஓட எடுத்த கால் பாதியில் நின்றது. தவறிப்போன எத்தனையோ பேரைத் தேடிக் கொடுத்தவர் அவர். ராத்திரிச் சாப்பாட்டில் அவர் ஓயாமல் சொல்கிற ஒரு விஷயம் உண்டு: பஸ்ஸில் விட்டது எதுவும் தொலையாது, கடைசி ஸ்டாப்பில் கிடைத்துவிடும், பயந்து நடுவில் இறங்குகிறவன்தான் தொலைந்து போகிறான்.

சொன்னது உண்மை. ஆனால் மிஷின் சத்தத்தில் அது அவள் காதில் விழுந்திருக்குமா? எல்லாம் அந்த ஒன்றில்தான் இருந்தது.

அதே எண் போட்ட அடுத்த பஸ் வந்தது. ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் நின்று, "வொய்ஃப். பஸ். கோ" என்றார். டிரைவரம்மா அனுதாபமாகத் தலையாட்டினாள். மனைவி ஓடிப்போய்விட்டாள் என்று புரிந்துகொண்டிருக்கலாம், யார் கண்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ரைட்டுவின் கண் நடைபாதையைத் துழாவியது. நிழற்குடையில் ஒரு பெண் தலை தெரிந்தாலே கதவுவரை போனார். இறங்கிப் பார்த்துவிடலாம் என்று கால் பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவள் கேட்டிருப்பாள் என்று ஒரு நிறுத்தத்தில் நம்பினார், அடுத்ததில் நம்பிக்கை போய்விட்டது.

கடைசி நிறுத்தம். குன்றின் தோளில் ஒரு சின்னக் கொட்டகை. ஒரு பெஞ்சு, அதில் யாரும் இல்லை. ரைட்டு கொட்டகையைச் சுற்றி வந்தார். அப்போதுதான் கொட்டகைக்கு அந்தப் பக்கம் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்ற இன்னொரு பஸ்ஸைப் பார்த்தார். அதன் படியில் உட்கார்ந்து டிரைவர் காபி குடித்துக்கொண்டிருந்தான். அவன் கையில் இவர்கள் வீட்டுப் பிஸ்கட்.

உள்ளே, அதே ஜன்னலோரத்தில், மனைவி. இப்போது இரண்டு ஷூவும் கழன்றிருந்தன. பக்கத்து இருக்கையில் கைப்பை.

"வந்துட்டீங்களா?" என்றார். "இந்தப் பையன் ரொம்ப நேரமா எறங்குங்க எறங்குங்கன்னு கையக் காட்டினான். எங்க வீட்டுக்காரரு வருவாரு, அடுத்த வண்டியில வருவாருன்னு சொன்னேன். தமிழ்லதான் சொன்னேன். புரிஞ்சுக்கிட்டான்."

ரைட்டு உள்ளே ஏறினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பயந்துட்டியாம்மா?"

"நான் எதுக்கு பயப்படறேன்? பஸ்ல விட்டது எதுவும் தொலையாது, கடைசி ஸ்டாப்ல கெடச்சுடும். நடுவுல எறங்குறவன்தான் தொலைஞ்சு போறான்." ரைட்டுவின் குரலிலேயே, அவர் சோற்றைப் பிசையும்போது இழுக்கிற அதே இழுப்போடு சொன்னார்.

"நீ மிஷினத்தான மிதிச்சுக்கிட்டு இருப்ப?"

"காலுதானே மிஷின்ல. காது சும்மாதானே இருந்துச்சு."

ரைட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷமும் சுவரோடு பேசவில்லை.

"ஒருத்தரையும் விட்டதில்லன்னு மைக்ல பேசினேன்" என்றார். "உன்னைப் போய் விட்டுட்டேனே."

"விட்டீங்களா? அதெல்லாம் இல்ல. தட்டி ரைட் குடுத்து மரியாதையாத்தான் அனுப்பிவெச்சீங்க." மனைவி சிரித்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "தெனமும் நீங்க பஸ்ல போவீங்க, நான் வாசல்ல நின்னு பாப்பேன். இன்னைக்கு நான் போறேன், நீங்க நின்னு பாக்கறீங்க. உங்க மூஞ்சியப் பாத்ததும்தான் தெரிஞ்சுது, நானும் அப்படித்தான் நின்னிருப்பேன்னு."

ரைட்டு குனிந்து, கழன்று கிடந்த இரண்டு ஷூவையும் எடுத்து இருக்கைக்கு அடியில் ஒழுங்காக வைத்தார்.

நகரத்தைப் பார்க்கிற இடத்துக்கு இன்னும் படியேறவேண்டும். அந்தக் காலோடு அது முடியாத காரியம். பஸ் ஜன்னலிலிருந்தே கீழே ஆறும், பாலமும், அவர்களைச் சுற்றிச் சுற்றி அலைக்கழித்த மணிக்கூண்டும் தெரிந்தன. "இதே போதும், நல்லாத்தான் இருக்கு" என்றார் மனைவி. டிரைவர் காபிக் கோப்பையைக் கசக்கிப் போட்டுவிட்டு ஏறினான். கண்ணாடியில் ரைட்டுவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. தன் பக்கத்துத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டிச் சிரித்தான்.

மனைவி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ரைட்டு உட்கார்ந்தார். இருக்கை அவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

பஸ் குன்றை விட்டு இறங்கியது. முதல் நிறுத்தத்தில் ஒரு கூட்டம் ஏறியது. ரைட்டுவின் உடம்பு தானாக எழப்பார்த்தது. மனைவி அவர் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார்.

"உக்காருங்க. அந்தத் தம்பி பாத்துப்பான்."

கதவு மூடியது. யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.