முதலாளிக்கு ரெண்டு யூனிட்

காலை ஏழு மணிக்கு என் அண்ணன் பூனைக்கு இன்சுலின் ஊசி போடுகிறார். மாலை ஏழுக்கும் போடுகிறார். இதே ஏழுக்கும் ஏழுக்கும் எட்டு வருடம் அம்மாவுக்கு நான் போட்டேன். அப்போது அவரும் அதே வீட்டில்தான் இருந்தார். நான் ஊசியைக் கையில் எடுத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். கேட்டால், "எனக்கு ஊசின்னா ஆகாதுடா" என்பார். சொல்கிற ஆளின் தொழில் என்ன தெரியுமா? சோபா தைப்பது. பொழுது விடிந்தால் ஊசி, அடைந்தால் ஊசி.

முப்பத்தைந்து வருடமாகத் தைக்கிறார். அரைவட்டமாக வளைந்த ஊசிகள் நாலைந்து சட்டைக் காலரில் குத்தியிருக்கும். வாய் நிறைய ஆணி. பொடி ஆணி இருபதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகத் தலைப்பக்கம் திருப்பி உதட்டுக்குத் தள்ளுவார். சுத்தியலின் காந்த முனை அதைக் கவ்விக்கொள்ளும். இதனால் யார் என்ன கேட்டாலும் பதில் "ம்" மட்டும்தான். ஆமாம், இல்லை, முடியவில்லை, நாளைக்கு வா, எல்லாம் அந்த ஒரு "ம்"முக்குள் அடக்கம். வாடிக்கையாளர்கள் அவரவருக்குப் பிடித்த பதிலை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பழைய சோபாவைப் பிரித்தால் உள்ளே இருந்து சீப்பு, பொம்மைக் கால், மூக்குக் கண்ணாடி என்று ஏதாவது விழும். எல்லாவற்றையும் துடைத்து, உரியவரிடம் கொடுக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு வீட்டில் மனைவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணவன் கையில் பழைய கடிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, "நல்ல கையெழுத்து சார்" என்று வேறு சொல்லியிருக்கிறார். அந்த வீட்டு வேலை அதோடு நின்றது.

அம்மா போனபிறகு கடைக்குப் பின்னால் உள்ள அறையிலேயே தங்கிவிட்டார். துணைக்கு ஒரு சாம்பல் நிறக் கடுவன் பூனை. பெயர் முதலாளி. தைத்து முடித்த நாற்காலியில் முதலில் உட்காருவது அதுதான். ஏறி, இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்துவிட்டால், "முதலாளி பாத்துட்டாரு, குடுத்துரலாம்" என்பார் அண்ணன். படுக்காமல் இறங்கினால் மறுபடி பிரிப்பார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடையைத் தாண்டிப் போகும்போது கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இப்போது என் வயிற்றெரிச்சலைச் சொல்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன் மகளின் பிரசவத்துக்காக நான் வெளியூர் போக வேண்டியிருந்தது. மூன்று நாள், ஆறு ஊசி. எப்படிப் போடுவது என்று அண்ணனுக்கு ஒரே ஒரு தடவை காட்டினேன். அவர் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் அம்மா பேச்சுக் குழறிக் கிடக்கிறாள். சர்க்கரை ஐந்நூறுக்கு மேல். குப்பைக் கூடையில் ஆறு ஊசிகளும் கிடந்தன. மருந்தைத் தொட்டியில் பீச்சிவிட்டு வெறும் ஊசியை வீசியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். "ஆறும் போட்டான்டா" என்றாள் அம்மா. மூத்தவனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று அவளையும் ஏசினேன். அந்த மாதமே இடது காலில் இருந்த புண் முற்றி இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் பார்க்க அண்ணனை நான் கேட்ட கேள்விகளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும். அவர் "ம்" என்றார். அம்மா செத்தும் இப்போது மூன்று வருடமாகிறது. எங்களுக்குள் பேச்சு அறுந்து அதைவிட அதிக நாளாகிறது.

போன வாரம் போன் வந்தது.

"டேய், முதலாளிக்குச் சர்க்கரைடா. எட்டு நாளா இன்சுலின் போடுறேன், இறங்கவே மாட்டேங்குது. பத்து நாள்ல இறங்கலைன்னா ஒரு மாசம்கூடத் தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். ஒரு தடவ வந்து பாரேன்."

"பூனைக்கா? பேஷாப் போடு. பெத்தவளுக்குச் செய்யாதத அதுக்காச்சும் செய்" என்றேன்.

அப்போது அவர் வாயில் ஆணி இல்லை. ஆனாலும் "ம்" என்றுதான் வந்தது.

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். என் மனைவி, "போய் நேர்லயே திட்டிட்டு வாங்களேன். தினமும் இங்க உக்காந்து சுவத்தத் திட்டுறீங்க" என்றாள். அன்று மாலையே போனேன்.

முதலாளி பாதியாக இளைத்திருந்தது. பின்னங்கால் விரல்களை ஊன்ற முடியாமல் குதிகாலைத் தரையில் தேய்த்து வாத்துபோல் நடந்து வந்தது. நாற்காலியில் ஏறப் பார்த்து, முடியாமல், ஏறுகிற எண்ணமே இல்லாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பக்கத்தில் அது ஓயாமல் குடிக்க ஒரு வாளித் தண்ணீர். அண்ணன் பஞ்சு மெத்தை ஒன்றைத் தரையிலேயே போட்டுவைத்திருந்தார்.

ஏழு அடித்ததும் அண்ணன் வாயிலிருந்த ஆணிகளைக் கிண்ணத்தில் துப்பிவிட்டுக் கை கழுவினார். பூனை சாப்பிட்டுவிட்டதா என்று தட்டைச் சாய்த்துப் பார்த்தார். மருந்துப் புட்டியைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, விளக்குக்கு நேரே ஊசியைப் பிடித்து இரண்டு யூனிட் இழுத்தார். சும்மா சொல்லக்கூடாது, எல்லாம் சரி. பிடரித் தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். சரக்கென்று குத்தி அழுத்தி எடுத்தார். பூனை அசையவில்லை.

"பாத்தியா, ஒரு முனகல் கிடையாது. கை அப்படி."

நான் பூனையின் பிடரியைத் தடவினேன். மறுபக்கத்து ரோமம் ஈரமாக இருந்தது. விரலை முகர்ந்து பார்த்தேன். இன்சுலினுக்கு ஒரு வாடை உண்டு, அப்போதுதான் பிரித்த காயப் பிளாஸ்திரிபோல. எட்டு வருடம் அம்மாவின் அறையில் அடித்த வாடை.

"அண்ணே, ஊசி அந்தப் பக்கம் வந்திருச்சு. மருந்தெல்லாம் மயிர்லதான் இருக்கு."

"அந்தப் பக்கம் வராம? குத்துனா அந்தப் பக்கம் வந்துதானே..."

அதோடு நிறுத்திக்கொண்டார். தோலும் துணியும் தைத்த கை. ஊசி மறுபக்கம் எட்டிப் பார்த்தால்தான் அந்தக் கைக்குத் திருப்தி. எட்டு நாளும் பூனையைத் தைத்திருக்கிறார்.

"இன்னொரு ரெண்டு யூனிட் போட்டுரட்டுமா?"

"போடக்கூடாது. கொஞ்சம் உள்ள போயிருந்தா? ரெண்டும் சேந்து சர்க்கரை அடியோட இறங்கி, தூக்கத்துலயே போயிரும். காலையிலதான்."

ஊசியை மூடி வைத்தார். பூனையின் ஈரத்தைத் துணியால் ஒற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அம்மா கையும் நனைஞ்சிருந்துச்சுடா."

நான் பூனையின் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

"மூணு நாளும் செத்துப் பொழைச்சுத்தான் போட்டேன். ஒவ்வொரு தடவையும் கை நனைஞ்சிருந்துச்சு. பஞ்சால தொடச்ச ஈரம்னு நெனச்சேன். சரியாப் போட்டேனான்னு கேட்டேன். குத்துனதே தெரியலப்பா, உன் தம்பி போட்டாத்தான் உயிர் போகுதுன்னா."

ஆறு வருடம் குத்து வாங்கிய கை அது. மருந்து உள்ளே போனால் எப்படி இருக்கும், வெளியே வழிந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்கா தெரியாது? மூத்தவன் பயத்தை விட்டு ஊசி எடுத்திருக்கிறான், அவன் முகம் வாடக்கூடாது. அதற்கு விலை இரண்டு விரல். இதில் நான் யாரைப் போய்க் கேட்பது?

எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் கிடையாது. "அன்னிக்கே வாயத் தொறந்து சொல்லியிருந்தா என்ன?" என்று அதற்கும் அவரையே கடிந்தேன்.

"நீ எங்க கேட்ட? தீர்ப்பக் கையில வச்சுக்கிட்டுத்தானே வந்து நின்ன."

அண்ணன் எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து இரண்டு புது ஊசிகளை எடுத்து வந்தார். மருந்து இழுக்கவில்லை. ஒன்றை மெத்தைப் பஞ்சில் குத்தினார். உடனே தலையை ஆட்டினார். பஞ்சு எதையும் சொல்லாது. வேட்டியை ஒதுக்கித் தன் தொடையில் குத்திக்கொண்டார். அதற்கும் தலையை ஆட்டினார்.

"எனக்கே குத்திக்கிட்டா எங்க நிக்குதுன்னு உள்ள தெரிஞ்சுருது. அடுத்த ஆளு தோல்ல எங்க நிறுத்தணும்னு என் கைக்குத் தெரியலடா. காலையில தப்பக்கூடாது. இன்னும் ரெண்டே நாள்தான் இருக்கு."

இன்னொரு ஊசியின் மூடியைக் கழற்றி என் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் சட்டைக் கையைத் தோள்வரை மடித்துவிட்டேன். என் சதையைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்துத் தூக்கினார்.

"வலிச்சா வலிக்குதுன்னு சொல்லிரு. அவள மாதிரி இருந்துராத."